பரீட்சை முடிந்தால் கையெழுத்து வைக்கலாமா?

தெகிவளையிலிருந்து ஒரு தங்கச்சியின் கேள்வி, 2025 மே 3

அக்கா, போன மாதம் உயர்தரப் பெறுபேறு வந்தது. வணிகப் பிரிவு, கணக்கீட்டில் ஏ. அப்பா பட்டயக் கணக்காளராக வரச் சொல்கிறார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மாமா, "சீ.பீ.ஏ. செய், இஞ்ச வந்தால் உடனே வேலை" என்கிறார். அது அங்கத்தைய கணக்காளர் பட்டமாம். ரியூசன் சேர் முதலில் எல்லாச் சோதனையையும் முடிக்கட்டாம், பயிற்சியைப் பிறகு பார்க்கலாமாம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். சோதனை எல்லாம் பாஸ் பண்ணினால் ஒரு கொம்பனியின் கணக்கில் ஓடிட்டர் என்று நானே கையெழுத்து வைக்கலாம்தானே?

2025 மே 3, இரவு

வைக்க முடியாது. பத்தொன்பது வயதில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இதை முதலே சொல்கிறேன்.

பரீட்சை ஒரு பாதி, ஓர் அலுவலகத்தில் பயிலுநராக வேலை பழகுகிற பயிற்சி மறு பாதி. இரண்டும் முடிந்தால் அங்கத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கத்துவம் கிடைத்ததும் பெயருக்குப் பின்னால் ஏ.சீ.ஏ. என்று போடலாம், பட்டயக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கணக்காய்வு (ஓடிட்) அறிக்கையில் கையெழுத்து வைப்பதற்குத் தொழில் செய்வதற்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும். அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். வங்கியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிதி முகாமையாளராக இருக்கிற எத்தனையோ பட்டயக் கணக்காளர்கள் அந்தச் சான்றிதழை எடுப்பதே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படாது.

இங்கே இதற்குப் பொறுப்பு இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இடம் கொழும்பு 7, மலலசேகர மாவத்தை. ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரே போய் விசாரியுங்கள். ரியூசன் நோட்டீசில் இருப்பதை நம்பிப் பதிய வேண்டாம். பாடத்திட்டம் 2010, 2015, 2020 என்று மாறி மாறி வந்திருக்கிறது. 2020 பாடத்திட்டத்தில் பிஸ்னஸ் ஒன்று, பிஸ்னஸ் இரண்டு, கோப்பரேட், ஸ்ட்ரடீஜிக் என்று நான்கு நிலை. நான் படித்த காலத்துப் பெயர்களே வேறு. நீங்கள் பதிகிற நாளில் எது நடைமுறையில் இருக்கிறது, உங்கள் பெறுபேற்றுக்கு ஏதும் பாடவிலக்கு உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்காலம் மூன்று வருடம்.

2025 மே 4

நேற்று நித்திரைத் தூக்கத்தில் சேரின் கதையை விட்டுவிட்டேன். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓடிட்டுக்குள் போய்விட்டால் படிக்க நேரம் கிடைப்பது கஷ்டம். மார்ச் 31 இல் வருடம் முடிகிற கொம்பனிகள்தான் இங்கே அதிகம். அதனால் ஏப்ரல் தொடங்கி சில மாதங்களுக்கு வீட்டுக்கு வர இரவு ஒன்பது, பத்து மணி. முதல் நிலையை முடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போனால் என்ன செய்கிறோம் என்று விளங்கிச் செய்யலாம். "எல்லாவற்றையும் முடித்த பிறகு" என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன்.

2025 மே 8

இது கொஞ்சம் நீளமான கதை. ஆனாலும் முழுவதையும் வாசியுங்கள்.

2005 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். அடுத்த வருடம் ஒரு சிறிய ஓடிட் அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். காலையில் 100 ஆம் இலக்க பஸ், இரவும் அதே பஸ். சம்பளம் என்று சொல்லக்கூடிய தொகை இல்லை, கொடுப்பனவு என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸுக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கும் சரியாக இருக்கும். எனக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை. வேலை பிடித்திருந்தது.

சேர்ந்த வாரமே பயிற்சி ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அலுவலகத்தில் ஒருவர் அதைக் கோப்பில் போட்டு, "நாங்கள் பதிந்துவிடுவோம், நீங்கள் யோசிக்காதீங்கோ" என்றார். நானும் யோசிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு அலுவலாக மலலசேகர மாவத்தைக்குப் போனபோது, என் பயிற்சி இலக்கத்தையும் எழுதி எடுத்துக்கொள்ளலாம் என்று கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த அம்மா பெயரைக் கேட்டார், அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார், இரண்டு தரம் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, உங்கட ஒப்பந்தம் இங்க வரவே இல்லையே" என்றார்.

படிவம் அலுவலக மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. எட்டு மாதம் இரவு பகலாகச் செய்த வேலை பயிற்சிக்காலத்தில் சேரவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. பதியாத ஒன்றை அவர்கள் எப்படிக் கணக்கில் எடுப்பார்கள்? அலுவலகத்தில் கேட்டபோது, "மறந்துபோச்சு" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் நெஞ்சு எரியும். அம்மா ஊரில் சங்கிலியை அடகு வைத்து அனுப்பிய காசில் ஓடிய எட்டு மாதம் அது.

அதனால் தங்கச்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு அது பதிவாகி இலக்கம் வந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள். உங்கள் பிரதியைக் கையில் வாங்கி வீட்டில் வையுங்கள். பயிற்சிப் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்தை உரிய காலத்திலேயே வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் முடியட்டும், மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அந்த நேரம் அவர் துபாயில் இருப்பார்.

2025 மே 9

சிலர் எந்த அலுவலகம் என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். அங்கே நல்ல மனிதர்களும் இருந்தார்கள்.

2025 மே 12, வெசாக்

வெளியில் வெசாக் கூடுகள், தன்சல் என்கிற இலவச உணவுப் பந்தலுக்குச் சனம் வரிசையில் நிற்கிறது. பிள்ளைகள் வெளிச்சம் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு ஒவ்வொரு வெசாக்குக்கும் சில வவுச்சர்கள் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாவதாகச் சேர்ந்த அலுவலகத்தில், பயிற்சியின் முதல் வருடம். ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குக் கணக்காய்வுக்கு அனுப்பினார்கள். என் வேலை காசு வவுச்சர்களை, அதாவது காசு கொடுத்ததற்கு எழுதிவைக்கிற சீட்டுகளை, பார்ப்பது. ஒவ்வொன்றாகப் புரட்டி, தொகை காசேட்டோடு ஒத்துப்போகிறதா, அனுமதிக் கையெழுத்து இருக்கிறதா, பற்றுச்சீட்டு பின்னால் குத்தியிருக்கிறதா என்று பார்த்து, பச்சைப் பேனையால் சிறிய சரி போட வேண்டும். நூற்றுக்கணக்கில் பார்த்தால் கண் தானாகவே ஓடும். கண் ஓடத் தொடங்குகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று எங்கள் சீனியர் சொல்வார்.

பதினொரு வவுச்சர்கள், ஏற்றி இறக்கும் கூலி. பெயர், தொகை, பெருவிரல் அடையாளம் எல்லாம் இருந்தது. திகதி வெசாக் போயா, பௌர்ணமி விடுமுறை நாள். அன்றைக்குக் களஞ்சியம் பூட்டு என்று அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த விடுமுறைப் பட்டியலில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். காவலாளியிடம் போய் வாயில் பதிவேட்டைக் கேட்டேன். சிங்களத்தில் எழுதியது. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். போயா அன்று ஒரு லொறிகூட உள்ளே வந்ததாகப் பதிவில்லை. பக்கம் வெறுமையாக இருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. மூன்று வருடப் பயிற்சி எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எந்தப் புத்தகத்திலும் வாயில் பதிவேட்டை எடுத்துப் பார் என்று எழுதியிருக்காது. எல்லாச் சோதனையும் முடியும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படாதது இதனால்தான்.

2025 மே 14

"கள்ளன் பிடிபட்டானா" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். கதையைப் பாதியில் விட்டது என் பிழைதான். மீதி இதுதான்.

நான் சீனியரிடம் ஓடிப்போய், "அண்ணா, பொய் வவுச்சர்" என்றேன். அவர் வவுச்சரையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தைய பக்கத்தைத் திருப்பினார். போயாவுக்கு முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு இரண்டு கொண்டெய்னர் உள்ளே வந்திருக்கிறது. வெளியே போன நேரம் விடியப்புறம் நான்கு மணி. காவலாளி இரண்டு நேரத்தையும் வந்த திகதியின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். துறைமுகத்திலிருந்து பிந்தி வந்த சரக்கு. இறக்கி முடிக்கும்போது போயா பிறந்துவிட்டது. களஞ்சியப் பொறுப்பாளர் அந்த நேரத்திலேயே காசு கொடுத்து, அந்தத் திகதியையே எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பொறுப்பாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல். காலையில் எங்களுக்குப் பிளேன்ரீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து தந்த மனிதர். சீனியர் இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால் அவரைக் கள்ளன் என்று எழுதியிருப்பேன். அந்த வயதில் என் கையில் கையெழுத்து உரிமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதிவேட்டை எடுத்துப் பார்த்ததற்காக சீனியர் என்னைப் பாராட்டினார். முந்தைய பக்கத்தைப் பார்க்காததற்கு ஏசவில்லை. வேலைத்தாளில் இரண்டு பக்கத்தையும் குறிப்பிட்டு, விளக்கத்தை என்னைக் கொண்டே எழுதுவித்தார்.

மே 12 குறிப்பை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

2025 மே 21

இனி ஸ்காபரோ மாமா.

மாமா சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். கனடாவில் முன்பு சீ.ஏ., சீ.எம்.ஏ., சீ.ஜி.ஏ. என்று மூன்று வகைக் கணக்காளர்கள் இருந்தார்கள். 2013, 2014 அளவில் தேசிய மட்டத்தில் அவை ஒன்றாகி சீ.பீ.ஏ. ஆனது. படிப்பு, மூன்று நாள் நடக்கிற பொது இறுதிப் பரீட்சை, முப்பது மாத அனுபவம். இவ்வளவும் முடித்தால் சீ.பீ.ஏ. ஆனால் மாமா இருக்கிற ஒன்ராறியோவில் சீ.பீ.ஏ. ஆகிவிட்டால் மட்டும் ஓடிட் அறிக்கையில் கையெழுத்து வைக்க முடியாது. அங்கே 2004 ஆம் ஆண்டின் பொதுக் கணக்கியல் சட்டம் இருக்கிறது. அதன்படி பொதுக் கணக்காளர் அனுமதிப்பத்திரம் தனியாக எடுக்க வேண்டும். மாமாவின் சிநேகிதர்கள் வங்கியிலும் அரச அலுவலகத்திலும் சீ.பீ.ஏ. என்று நல்ல வேலையில் இருப்பார்கள். அதில் பலரிடம் அந்த அனுமதிப்பத்திரம் இருக்காது.

அமெரிக்கா வேறு கதை. அங்கே முதன்முதல் 1896 இல் நியூயோர்க் மாநிலம்தான் சட்டம் போட்டு சீ.பீ.ஏ. என்ற பெயரைக் கொடுத்தது. பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்று, அனுமதிப்பத்திரம் அந்தந்த மாநிலச் சபை கொடுப்பது. மாநிலங்களோடு தலைநகர் வாஷிங்டன், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் எல்லாம் சேர்த்து 55 சபைகள். பரீட்சையில் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் நான்கு மணித்தியாலம், சித்திக்கு 75 புள்ளி. 2024 இலிருந்து கணக்காய்வு, நிதி அறிக்கையிடல், வரியும் ஒழுங்குவிதியும் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம், நான்காவது பகுதியை நாமே தெரிவு செய்யலாம். அதோடு பல்கலைக்கழகப் படிப்பு 150 அலகு மணித்தியாலம், மேற்பார்வையின் கீழ் வேலை அனுபவம். நான்கையும் சித்தியடைந்துவிட்டு அனுபவம் இல்லாமல் நிற்கிறவருக்குப் பரீட்சைப் பெறுபேறு மட்டும்தான் இருக்கும். சீ.பீ.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட முடியாது.

எந்த நாட்டை எடுத்தாலும் பட்டம் வேறு, கையெழுத்து வேறு. கனடாவுக்குப் போகிறதென்று முடிவாகிவிட்டதென்றால் அதற்குரிய வழியில் போங்கள். இன்னும் முடிவில்லையென்றால் இங்கே தொடங்குங்கள். இங்கே பெற்ற அங்கத்துவத்தை அங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. அதற்கு என்ன விலக்கு, எந்தப் பாடம் மீண்டும் எழுத வேண்டும் என்பதை அந்த நாட்டு அமைப்பு தீர்மானிக்கும்.

2025 மே 22

ஒரு திருத்தம். 150 மணித்தியாலம் என்று எழுதினேன். அது இப்போது இளகத் தொடங்கியிருக்கிறது. இந்த வருட ஆரம்பத்தில் ஒகாயோ மாநிலம் சட்டத்தை மாற்றி, சாதாரண பட்டத்தோடு கூடுதல் அனுபவம் இருந்தாலும் போதும் என்று இன்னொரு வழி திறந்திருக்கிறது. வேறு மாநிலங்களும் பின்னால் வருகின்றன. நியூ ஜேர்சியில் இருக்கிற அண்ணா ஒருவர் சுட்டிக்காட்டினார். நன்றி அண்ணா.

2025 மே 22, பின்னேரம்

ஏ.சீ.சீ.ஏ., சீமா என்கிற பிரித்தானியக் கணக்காளர் படிப்புகளைச் செய்தால் என்ன என்று மூன்று பேர். நல்ல படிப்புகள். கொழும்பில் அவற்றுக்கு வேலையும் உண்டு. ஆனால் நம் கொம்பனிகள் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கம், கணக்காய்வாளர் யாராக இருக்கலாம் என்று சொல்கிற இடத்தில் பார்ப்பது பட்டயக் கணக்காளர் நிறுவன அங்கத்துவத்தை. பதிவு செய்யப்பட்ட கணக்காய்வாளர் என்று இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பது தனியார் கொம்பனிகளை. வங்கி, காப்புறுதி, பங்குச் சந்தைக் கொம்பனி என்று பொதுமக்கள் காசு புழங்குகிற இடங்களுக்கு 1995 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. அங்கே நிறுவன அங்கத்துவமும் தொழில் செய்வதற்கான சான்றிதழும் இரண்டும் வேண்டும். உங்கள் ஆசை கையெழுத்து என்றால் இதை மனதில் வையுங்கள்.

2025 ஜூன் 1

இன்றைக்கு ஒரு தம்பி அனுப்பிய கேள்வி: "அக்கா, யூரியூப்பில் கணக்கியல் பாடம் பார்த்தேன். காசு வந்தால் பற்று என்கிறார்கள். நாங்கள் வரவு என்றல்லவா எழுதுகிறோம்? எனக்குத் தலை சுற்றுகிறது."

தம்பி, நீங்கள் பார்த்தது தமிழ்நாட்டுப் பாடம். அங்கே இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நமக்கு இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அதே "வரவு" என்ற சொல் அங்கே வலப்பக்கத்திலும் இங்கே இடப்பக்கத்திலும் நிற்கிறது. இரண்டும் பிழையில்லை. அங்கே கணக்குக்குரிய ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவர் பெற்றது பற்று, அவர் தந்தது அவர் பெயரில் வரவு. இங்கே காசேட்டைப் பார்த்துச் சொல்கிறோம். உள்ளே வந்தது வரவு, வெளியே போனது செலவு. பரீட்சை நெருங்கும் நேரத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். இந்தியப் பாடம் பார்ப்பதென்றால் சொல்லைக் காதில் வாங்காமல் இடம், வலம் என்று மட்டும் பாருங்கள்.

சொல் என்றதும் இன்னொன்று. ஐந்தொகை என்று சொல்கிறோமே, அது பழைய கணக்கர்களின் சொல். முதல், வரவு, செலவு, ஆதாயம், இருப்பு என்ற ஐந்தையும் சுருக்கிக் காட்டுவது. பட்டயம் என்றால் அரசர் எழுதிக் கொடுக்கிற ஆவணம், செப்புப் பட்டயம் என்பது போல. 1854 இல் எடின்பரோவில் கணக்காளர் சங்கம் ஒன்றுக்கு இராணி அப்படி ஒரு பட்டயம் கொடுத்ததில் தொடங்கியதுதான் இந்தப் பெயர். அப்பாச்சி முற்றத்தில் இருந்து தேங்காய் எண்ணும்போது "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார். விற்றது, வீட்டுக்கு வைத்தது, தானம் கொடுத்தது என்று கரிக்கட்டியால் சுவரில் மூன்று வரிசை கோடு போடுவார். நான் முதலில் பார்த்த பேரேடு அந்தச் சுவர்தான்.

2025 ஜூன் 15

வரிப் பாடம் பற்றி.

நான் வரியில் இரண்டு தரம் தவறினேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் விடைத்தாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்திருந்தது, ஆனால் நேரம் போதவில்லை. அலுவலகத்தில் வரிக் கணக்கை எக்செல்லில் போட்டுப் பழகிய கை, பேப்பரில் எழுதும்போது தடுமாறியது. மூன்றாம் தரம் சனி, ஞாயிறுகளில் வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். ஃபானுக்குக் கீழே ஒரு மேசை. கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்து, பழைய வினாத்தாள் ஒன்றைப் புத்தகம் திறக்காமல் மூன்று மணித்தியாலம் எழுதுவேன். வீட்டுக்கு வந்துதான் திருத்துவது. பதினான்கு வினாத்தாள் எழுதினேன். பாஸ்.

வரிச்சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். இப்போதுள்ள உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கம், அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அக்காவின் பழைய நோட்ஸை வாங்கிப் படிக்காதீர்கள். என்னுடையதையும் கேட்காதீர்கள், அதைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தாயிற்று.

2025 ஜூலை 6

ஒரு அம்மா தனியாக எழுதியிருந்தார். "பெண் பிள்ளையை வெளியூர் ஓடிட்டுக்கு அனுப்புவார்களாமே, நாங்கள் எப்படித் துணிந்து விடுவது?"

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்கும். என் அம்மாவும் பயந்தார். அது 2008. குருநாகல் பக்கம் ஒரு தேங்காயெண்ணெய் ஆலைக்கு நான்கு நாள் வேலை. அந்த நேரம் வழி நெடுக சோதனைச்சாவடி. எனக்கு யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. அலுவலகத்தில் கடிதத் தலைப்பில் சிங்களத்தில் ஒரு கடிதம் அடித்துத் தந்தார்கள், அதைப் பொலித்தீன் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். எங்கள் குழுவில் கண்டியிலிருந்து ஒரு சிங்கள அக்கா. ஒரு சாவடியில் என்னை மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னார்கள். அந்த அக்காவும் தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கினார். அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை. வெயிலில் முக்கால் மணித்தியாலம் என் பக்கத்தில் நின்றார். திரும்பி ஏறும்போது சீட்டில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் பையைத் திறந்து ஒரு பக்கெட் கிறீம் கிறாக்கரை எடுத்துப் பிரித்து, பாதியை எனக்குத் தந்தார்.

இப்போது அந்தச் சாவடிகள் இல்லை. வெளியூர் வேலைக்குக் குழுவாகத்தான் அனுப்புவார்கள். தங்குமிடம், வாகனம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் முதலே கேட்கலாம். கேட்கிற உரிமை மகளுக்கு உண்டு. பதில் தர முகம் சுளிக்கிற இடமென்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.

2025 ஜூலை 20

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்ட தம்பிக்கு.

ஆர்தர் அண்டர்சன் என்று உலகத்தின் மிகப் பெரிய ஐந்து கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்று இருந்தது. 1913 இல் தொடங்கியது, ஏறத்தாழ 85,000 பேர் வேலை செய்தார்கள். அமெரிக்காவின் என்ரோன் என்ற எரிசக்திக் கொம்பனியின் கணக்கில் கையெழுத்து வைத்தது அவர்கள்தான். பொய்க் கணக்கு வெளிப்பட்டு என்ரோன் 2001 இல் விழுந்தது. ஆவணங்களை அழித்த வழக்கில் அண்டர்சன் குற்றவாளி என்று 2002 இல் தீர்ப்பு வந்தது. அந்த வருட ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓடிட் செய்கிற அனுமதியை ஒப்படைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தத் தீர்ப்பை அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. அதற்குள் நிறுவனம் கலைந்து எல்லோரும் பிரிந்து போய்விட்டார்கள். கட்டடம், கணினி, ஆட்கள் எல்லாம் இருந்தும், கையெழுத்தை நம்ப ஆளில்லை என்றானதும் வேலை நின்றுவிட்டது.

என்னுடைய அலுவலகம் சின்னது. பம்பலப்பிட்டியில் ஒரு மாடி, நான்கு பயிலுநர். மருந்துக்கடை, அச்சகம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், இப்படியானவர்கள்தான் வருவார்கள். ஆனால் ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்து வைக்கிறபோது ஒருகொடவத்தைப் பொறுப்பாளர் கொண்டுவந்த அந்தப் பிளேன்ரீ ஞாபகம் வரும். இன்னொரு தரம் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.

2025 செப்டம்பர் 7

மே 4 இலும் 12 இலும் எழுதியதை மீண்டும் வாசித்தேன். பரீட்சையை முழுவதும் முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவது பிழை என்று தொனிக்க எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கை எழுதியதைப் பார்த்த பிறகு அது எல்லோருக்கும் பொருந்தாது என்று படுகிறது. அவருடைய அப்பா படுத்த படுக்கை. கொழும்பில் அறை எடுத்துத் தங்க வசதியில்லை. ஊரில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்துக்கொண்டே பரீட்சைகளை எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதுதான் வழி. தங்கச்சி, நீங்கள் செய்வது சரி. நான் எழுதியது உங்களை நோகச் செய்திருந்தால் மன்னியுங்கள்.

கொழும்பிலேயே வீடு இருக்கிறவர்களுக்கு மட்டும் நான் சொன்னதை மாற்றவில்லை. முதல் நிலை முடிந்ததும் பயிற்சியில் சேருங்கள். கையெழுத்து உரிமை வேண்டுமென்றால் ஓடிட் அலுவலகத்தில் சேருங்கள், கொம்பனி நிதிப் பிரிவில் பயிற்சி எடுக்க இடம் கிடைத்தாலும். பெரிய நான்கு ஓடிட் நிறுவனங்களில் ஒன்றில் கிடைத்தால் முறைமை வடிவாகப் பழகலாம், ஆனால் ஒரு வங்கியின் ஒரு துண்டைத்தான் ஒரு வருடம் முழுக்கப் பார்ப்பீர்கள். சின்ன அலுவலகத்தில், எல்லாக் கணக்கு மீதிகளையும் ஒன்றாகப் போட்டு ஒத்துப்பார்க்கிற பரீட்சை மீதியிலிருந்து வரிப் படிவம் வரைக்கும் ஒரே கையால் செய்யலாம், ஆனால் பழக்கிவிட நல்ல சீனியர் ஒருவர் இருக்க வேண்டும். நேர்முகத்தில் அங்கே ஏற்கனவே இருக்கிற பயிலுநர் ஒருவரோடு பத்து நிமிடம் கதைக்க விடுங்கள் என்று கேளுங்கள்.

2025 நவம்பர் 2

தெகிவளைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். நிறுவனத்தில் பதிந்து முதல் நிலைக்குப் படிக்கிறாராம். ஒரு ஓடிட் அலுவலகத்தில் இடமும் கிடைத்துவிட்டதாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, அப்பாவோடு மலலசேகர மாவத்தைக்குப் போய், பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாராம். வாசித்ததும் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை முதல் நாள். என்ன கொண்டு போவது என்று கேட்கிறார்.

கல்குலேட்டர், பச்சைப் பேனை இரண்டு, பென்சில், தண்ணீர்ப் போத்தல், ஒரு மெல்லிய சுவெட்டர், ஏ.சீ. அறையில் இருத்தினால் தேவைப்படும். கோப்பைத் தந்ததும் முதலில் போன வருடத்து வேலைத்தாள்களை வாசியுங்கள். சம்பளப் பட்டியலைத் தந்தால் ஈ.பீ.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், ஈ.டீ.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 வீதம் என்று ஓர் ஆளுக்குக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போங்கள். அனேகமாக முதல் வாரத்திலேயே சில்லறைச் செலவுக்கென்று பெட்டியில் வைத்திருக்கிற காசை எண்ணச் சொல்வார்கள். காசாளர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் தொடாதீர்கள். அவர் ரீ குடிக்கப் போனால் நீங்களும் எழும்பிப் போய்விடுங்கள். நோட்டு, சில்லறை, வவுச்சர் மூன்றையும் வேறு வேறாக எழுதுங்கள். எண்ணி முடித்ததும் காசு முழுவதையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.